கேட்கத் தயங்கிச் செய்யும் தவறுகள்: சாஃப்ட்வேர் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

காலை ஏழரைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ் ஏறினால், லேப்டாப் பையோடு நாலைந்து பேராவது நிற்பார்கள். கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் பேச்சு அப்ரைசல், நோட்டீஸ் பீரியட், டெட்லைன் என்று போய்விடும். பல வருடம் அந்தப் பஸ்ஸில் போனவன் நான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறமைக்குக் குறைவே இல்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம்தான் அவர்களைப் படுத்துகிறது.

என் கதையையே சொல்கிறேன். முதல் வேலை புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில். மீன் மொத்த வியாபாரி ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். சில பில்கள் முந்தின நாள் கணக்கில் போய் விழுகின்றன என்று புகார் வந்தது. என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தினமும் காலை மீட்டிங்கில், "பார்த்துக்கிட்டிருக்கேன், இன்னைக்கு முடிஞ்சிடும்" என்றேன். முடியவில்லை.

நான்காம் நாள் சீனியர் அக்கா ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பா விழுற பில்லெல்லாம் எத்தனை மணிக்குப் போட்டது, தம்பி?" வரிசையாகப் பார்த்தோம்: 3.40, 4.15, 5.10. "சரியா விழுறதுல முதல் பில்லு?" 5.34. அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சர்வர் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் விடியற்காலை 5.30க்கு முன் போட்ட பில்லுக்கு சர்வரில் முந்தின நாள் தேதிதான். சேமித்த கணக்கிலிருந்து ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை (குவெரி) அதை இந்திய நேரத்துக்கு மாற்றாமலே நாள் பிரித்திருந்தது. மற்ற கடைகளில் அந்நேரத்தில் பில் போட ஆளே இருக்காது, தவறும் தெரியாது. மீன் வியாபாரமோ இருட்டிலேயே தொடங்கிவிடும்.

திருத்தம் இரண்டே வரி. "முதல் நாளே கேட்டிருக்கலாமேப்பா" என்றார், அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் வியாபாரியின் கணக்குப்பிள்ளை ராத்திரி உட்கார்ந்து கையால் கணக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது எனக்கு உறுத்தல்.

அதன் பிறகு எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரம் நகராமல் நின்றால், கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது "ஓடலை" என்று ஒற்றை வார்த்தை அனுப்பாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, அதுவரை எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். திரையை போனில் படம் பிடித்து அனுப்பாமல், எரர் மெசேஜை எழுத்தாகவே ஒட்டுங்கள். தேடிப் பார்க்க அதுதான் உதவும். இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி நேரம் விடை பிடிபட்டுவிடும். இப்போது ஏஐ இருக்கிறதே என்பீர்கள். கேளுங்கள், நல்லதுதான். ஆனால் அனுமதி இல்லாமல் கம்பெனியின் புரோகிராமையோ வாடிக்கையாளர் விவரத்தையோ அதில் ஒட்டாதீர்கள். வியாபாரி விடியற்காலை நாலு மணிக்கு பில் போடுகிறார் என்பதும் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

அடுத்தது சம்பளம். ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசியை, அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை, பன்னிரண்டால் வகுத்து, வீட்டில் அந்தத் தொகையைச் சொல்லிவிடுகிறோம். அப்பா அதை நம்பி கடன் தவணை போடுகிறார். பெரும்பாலும் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், கிடைத்தால்தான் கிடைக்கும் வேரியபிள் பே எல்லாம் அந்த சிடிசிக்குள்ளேதான் இருக்கும். "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

வருடத்தின் நடுவில் வேலை மாறுகிறவர்கள் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது கம்பெனியில் கொடுக்க மறக்கிறார்கள். இரண்டு கம்பெனியும் தனித்தனியே வரி விலக்கு வரம்பையும் நிலையான கழிவையும் (புது வரி முறையில் 75,000 ரூபாய்) கொடுத்துவிடும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது குறைவாகப் பிடித்த வரியை மொத்தமாகக் கட்ட வேண்டி வரும், வட்டியோடு. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிப்பதும் இதே மாதிரிதான். ஐந்து வருடம் முடியுமுன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. புது கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேர்ந்து வரும். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு நம் கடற்கரையில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் பட்டபாடு நமக்குத் தெரியும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் பெருகி வந்தது. பெங்களூரில் இருக்கும் மேனேஜருக்கு இதெல்லாம் ஜன்னல் வழியே தெரியாது. கரண்ட் போய், டவர் போய், இரண்டு நாள் கழித்துக் காரணம் சொன்னால் சாக்கு மாதிரிதான் கேட்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, "எங்கள் ஊருக்குப் புயல் எச்சரிக்கை, இரண்டு நாள் தொடர்பில் இல்லாமல் போகலாம், என் வேலை இந்த நிலையில் இருக்கிறது" என்று டீமுக்கு எழுதிவிடுங்கள். பாதி முடித்த புரோகிராமையும் கம்பெனி சர்வரில் ஏற்றிவிடுங்கள். வெறும் லேப்டாப்பில் கிடந்தால் உங்களோடு சேர்ந்து அதுவும் இருட்டில் மாட்டிக்கொள்ளும்.

டெட்லைனுக்கு "சரி" என்று தலையாட்டுவதும் தயக்கம்தான். "யோசித்து நாளை சொல்கிறேன்" என்றால் யாரும் கோபிப்பதில்லை.

வேலையை விடும்போதும் ஒன்று. புது ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். போனில் சொன்ன வாக்கை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். உங்கள் சம்பள ரசீதுகள், வரிப் பிடித்தச் சான்று (ஃபார்ம் 16) எல்லாவற்றையும் முன்பே எடுத்து வையுங்கள். வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் எப்போது வரும், எந்த மெயிலுக்கு வரும் என்று எச்.ஆரிடம் கேட்டு, சொந்த மெயில் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் சாயங்காலமே கம்பெனி மெயிலை மூடிவிடுவார்கள்.