மலை மண் குளத்துக்கு வரும் வழி: கணக்கில் விடும் பிழைகள்

"மண்சரிவு பதுளைக்காரர் பாடு, எங்களுக்கு வெள்ளம்தான்" என்ற நினைப்பு மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளியில் பலருக்கும் உண்டு. பழையவர்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயா பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கிய பிறகுதான் அம்பாறை வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, வருகிறது. மேலே சரிந்த மண்ணுக்கும் அதுவே பாதை. ஆனால் சரிந்ததெல்லாம் ஒரே ஓட்டமாக இறங்கிவிடாது. கணக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான்.

பாறைத்துண்டும் பெருங்கல்லும் சரிவின் அடியிலேயே தங்கிவிடும். குருமணல் ஆற்றின் அடியில் உருண்டு, வெள்ளத்துக்கு வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். களி மட்டுமே நீரோடு கலந்து விரைவாகக் கீழே வரும். ஆகவே ஆயிரம் கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) மண் சரிந்தால் குளத்தில் ஆயிரம் கியூப் இடம் போய்விட்டது என்று கணக்குப் போடுவது தவறு. "சரிந்த வருடம் குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஆறுதல் கொள்வதும் தவறு. ஓடைக்கரையில் குவிந்து கிடப்பது பின்னால் வரும் மாரிகளில் தவணை முறையில் வந்து சேரும்.

குளத்தில் எவ்வளவு மண் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கத் துருசடியில், அதாவது நீர் திறந்துவிடும் மதகின் அடியில், கம்பு குத்துவது வழக்கம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய களி. ஆறு குளத்தில் நுழைந்து வேகம் இழக்கும் மேல்முனையில்தான் மணல் முதலில் விழுந்து மேடாகிறது. குளக்கட்டிலிருந்து நீர் வந்து நுழையும் இடம் வரை பல கோடுகள் பிடித்து, ஒவ்வொரு கோட்டிலும் சீரான இடைவெளியில் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நீர் வற்றியிருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் இதற்கு ஏற்ற காலம்.

தூர்வாரும்போது நடக்கும் பிழை இதைவிடப் பெரியது. பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கினால் நிறுத்த மனம் வராது. புதிதாகப் படிந்த மண் தளர்வாக இருக்கும். அதன் கீழே குளத்தின் பழைய இறுகிய களித்தரை இருக்கும். அதைக் கிழித்தால் நீர் நிலத்துக்குள் கசிந்து போகும். கட்டின் உட்புற அடியை ஒட்டித் தோண்டினால் கட்டே வழுக்கலாம். அள்ளிய மண்ணைக் குளத்தின் நீரேந்து பகுதியிலேயே குவித்தால், அடுத்த மாரியின் முதல் மழையில் திரும்பிக் குளத்துக்கே வந்துவிடும். கூலி கொடுத்து மண்ணை ஊர்வலம் விட்ட கதைதான்.

காடு இருந்தால் மலை சரியாது என்பது பாதி உண்மை. வேர்கள் இறுகப் பிடிப்பது பெரும்பாலும் மேல் ஒன்று, இரண்டு மீற்றர் மண்ணைத்தான். அதற்குக் கீழே வழுக்கும் ஆழமான சரிவு மரங்களையும் நின்ற நிலையில் சுமந்துகொண்டு வரும். மரம் வெட்டிய உடனே ஆபத்து வருவதில்லை என்பதால் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அடிக்கட்டையின் வேர் மெல்ல மெல்ல உக்கும். நட்ட கன்றின் வேர் இன்னும் ஊன்றியிருக்காது. வெட்டி ஏறத்தாழ 3 முதல் 15 வருடங்களுக்குள் சரிவின் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். "ஐந்து வருடமாக ஒன்றும் நடக்கவில்லை" என்று தைரியம் சொல்வது சரியாக அந்த நேரத்தில்தான். மாரிக்கு முன் இலுக்குப் புல்லுக்கு நெருப்பு வைத்தால் சருகு எரிந்து வெறும் மண்ணில் மழை விழும். ஒரு ஹெக்டயரில் ஒரு மில்லிமீற்றர் மண் அரித்தாலே 10 கன மீற்றர், அதாவது மூன்றரை கியூப்.

மலைப்பாதைகளும் மண்ணைக் கொட்டுகின்றன. வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுவதும், ஓடைக்குச் சிறிய குழாய் போட்டுச் சமாளிப்பதும் வழக்கமான பிழைகள். ஒரு கிளை குழாய் வாயை அடைத்தால் நீர் வீதி வழியே ஓடி, அந்தத் தளர்ந்த மண்ணின் மேலேயே விழும். சரிவு அங்கிருந்து தொடங்கும்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, நம் வானத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பையும், 100க்கு வெளியேற ஆயத்தத்தையும், 150க்கு வெளியேற்றத்தையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். மலையடிவாரத்தில் நிற்பவர் கொட்டும் மழையில் ஓடை திடீரென வற்றினால் நிம்மதி அடையக் கூடாது. மேலே மண்ணும் மரமும் ஓடையை அடைத்திருக்கலாம். அது உடைந்தால் ஓடை வழியேதான் வரும். ஓடையை ஒட்டி ஓடாமல் பக்கவாட்டில் உயரமான, உறுதியான நிலத்துக்கு ஏறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

கீழ்ப்பகுதியில் பிழை தலைகீழாகிறது. பெரிய அணை மணலைப் பிடித்துக்கொள்வதால் அதன் கீழே ஆற்றுக்கு வரும் புதுமணல் குறைவு. "வெள்ளம் வந்தால் நிரம்பிவிடும்" என்று அங்கே அள்ளினால் ஆற்றடி தாழும், கரை இடியும், கீழே ஆற்றை மறித்த சிறு அணைக்கட்டின் அடித்தளம் வெளியே தெரியும். மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை மூடும் மணல்மேட்டுக்கு மலையைக் குற்றம் சொல்வதும் பொருந்தாது. அதைக் குவிப்பது பெரும்பாலும் கரையோரமாக மணலை இழுத்துவரும் கடலலை.

நீரில் எவ்வளவு மண் வருகிறது என்று பார்க்க ஒரு லீற்றர் தெளிந்த போத்தல் போதும். ஆனால் வெயில் நாளில் எடுத்துப் பயனில்லை. வருடத்து மண்ணில் பெரும்பங்கு சில வெள்ள நாட்களிலேயே போய்விடுகிறது. வெள்ளம் ஏறும்போது ஒன்று, வடியும்போது ஒன்று, ஒரே இடத்தில், பாலத்தின் மேலிருந்து கயிற்றில் இறக்கி எடுக்க வேண்டும். மணல் சில விநாடியில் அடியில் விழும், வண்டல் மணிக்கணக்கில் படியும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஆற்றடியில் உருளும் மணல் இந்தப் போத்தலுக்குள் வராது என்பதால், வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் பாலத் தூணில் ஆற்றடியின் மட்டத்தையும் குறித்து வைக்க வேண்டும்.