விண்டோஸ் 11 லேப்டாப்பில் எக்ஸ்பி: பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறப்பது எப்படி?

வைகாசி பிறக்க முன்னமே கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ் வேலை தொடங்கிவிடும். மட்டக்களப்பிலிருந்து காரைதீவு, தம்பிலுவில் வரை எந்த அச்சகத்தில் கேட்டாலும் கதை ஒன்றுதான். போன வருட ஃபைலைத் திற, திகதியை மாற்று, உபயகாரர் பெயர்களைச் சரிபார், அச்சடி. அந்த ஃபைலோ பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபொண்ட்டில்) செய்தது. அது கிடந்த எக்ஸ்பி கணினி ஒரு நாள் உயிரை விட்டுவிடும். புதிதாக வாங்கிய லேப்டாப் அந்த ஃபைலை என்னவென்றே கேட்காது.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்துக்கு இதைச் செய்து கொடுத்தேன். அப்புறம் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். புதிய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாக எக்ஸ்பியைப் போடப் போகாதீர்கள். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு இப்போதைய வைஃபை, டிஸ்ப்ளே, எஸ்எஸ்டி எதற்கும் டிரைவர் கிடையாது. விண்டோஸ் 11க்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உருவாக்கி, அதற்குள் எக்ஸ்பியை ஓட விடுவதுதான் வழி. அதற்கு நான் சொல்வது விர்ச்சுவல்பொக்ஸ். விஎம்வேரும் நல்லதுதான், ஆனால் டவுன்லோட் செய்யவே கணக்குத் திறக்கச் சொல்கிறார்கள், எனக்கு அதில் பொறுமை இல்லை.

தேவையானவை: எக்ஸ்பி ஒரிஜினல் சீடி, அதன் ப்ரொடக்ட் கீ, பேஜ்மேக்கர் 7 சீடி, பாமினி ஃபொண்ட். லேப்டாப்பில் சீடி டிரைவ் இருக்காது. டிரைவ் உள்ள கணினி ஒன்றில் இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் மூலம் இரண்டு சீடிகளையும் ஐஎஸ்ஓ ஃபைலாக்கி (சீடியின் முழு நகல் ஒரே ஃபைலில்) பென் டிரைவில் எடுத்து வாருங்கள்.

விர்ச்சுவல்பொக்ஸ் போட முன்னம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபோர்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முன்னம் திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் அதை ஒன் செய்யுங்கள். இன்டெலில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் இருக்கும்.

சரி, இனி விர்ச்சுவல்பொக்ஸில் நியூ. எக்ஸ்பி ஐஎஸ்ஓவைக் காட்டியதும் அன்அட்டென்டட் இன்ஸ்டலேஷன் (தானியங்கி நிறுவல்) வேண்டாம் என்று அமையுங்கள்: பெட்டியில் 'ஸ்கிப்' என்று இருந்தால் டிக் போடுங்கள், 'ப்ரொசீட்' என்று இருந்தால் டிக்கை எடுங்கள். இல்லாவிட்டால் விர்ச்சுவல்பொக்ஸின் 7ஆம் பதிப்பு தானே இன்ஸ்டோல் செய்கிறேன் என்று புறப்பட்டு, கீ இல்லாமல் நடுவழியில் நின்றுவிடும். ரேம் 1 ஜிபி, ப்ரொசெஸர் 1, டிஸ்க் 20 ஜிபி தாராளம். ஈஎஃப்ஐ டிக் வேண்டாம். டிஸ்க் ஐடிஈ கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும். வேகம் கிடைக்கும் என்று சாட்டாவுக்கு மாற்றினால் எக்ஸ்பி நீலத்திரையைக் காட்டிப் படுத்துவிடும்.

நெட்வேர்க் அடாப்டரையும் இப்போதே எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நின்றுபோனது. அதற்கு இன்டர்நெட் கொடுப்பதில் ஆபத்து உண்டு, பிரயோசனம் இல்லை. அதில் உள்ள பிரவுசரில் இப்போதைய தளங்கள் பெரும்பாலும் திறக்கவே மாட்டா.

எக்ஸ்பி இன்ஸ்டோல் செய்வது பலருக்கும் பழகிய வேலை, விவரிக்கவில்லை. ஒன்று மட்டும்: முதல் ரீஸ்டார்ட்டில் சீடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது கீயை அழுத்து என்று கேட்கும். அழுத்தாதீர்கள். அழுத்தினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும்.

டெஸ்க்டொப் வந்ததும் விர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் (எக்ஸ்பிக்கான விர்ச்சுவல்பொக்ஸ் டிரைவர்கள்) சீடியைச் செருகி இன்ஸ்டோல் செய்யுங்கள். திரை பெரிதாகும், மவுஸ் சுதந்திரமாக நகரும். பேஜ்மேக்கர் ஐஎஸ்ஓவையும் இதே மெனு வழியாகச் செருகிப் போடுங்கள். அப்புறம் ஷெயார்ட் ஃபோல்டர் (இரண்டு விண்டோஸுக்கும் பொதுவான ஃபோல்டர்) ஒன்றை ஓட்டோ மவுன்ட் போட்டு அமைத்தால், எக்ஸ்பியின் மை கொம்பியூட்டரில் அது ஒரு டிரைவ் போலத் தெரியும். எல்லாப் போக்குவரத்தும் இதன் வழியாகத்தான்.

இனித்தான் பலரும் சிக்கும் இடம்.

பாமினியை எக்ஸ்பியின் ஃபொண்ட்ஸ் ஃபோல்டரில் போட முன்னம் எந்த ஃபைலையும் திறக்காதீர்கள். ஃபொண்ட் இல்லாமல் திறந்தால், பேஜ்மேக்கர் 'பனோஸ்' என்று ஒரு பெட்டியைக் காட்டி, பாமினிக்குப் பதில் ஏதோ ஓர் ஆங்கில ஃபொண்ட்டை முன்மொழியும். அதில் பெர்மனன்ட் என்பதைத் தேர்ந்து ஓகே கொடுத்து, ஃபைலை சேவும் செய்துவிட்டால் கதை முடிந்தது. பிறகு பாமினியைப் போட்டாலும் எழுத்து தானாகத் திரும்பாது. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஃபொண்ட் அது. மெய்யெழுத்தின் புள்ளிகூட அரைப்புள்ளி (;) இருக்கும் கீயில்தான் கிடக்கிறது. ஃபொண்ட் பெயர் மாறினால் நோட்டீஸ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்தப் பெட்டி வந்தால் கென்சல் கொடுங்கள், பெட்டியில் காட்டும் ஃபொண்ட் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே பெயர் கொண்ட ஃபொண்ட்டைத் தேடிப் போட்டுவிட்டு மீண்டும் திறவுங்கள். ஒரு அச்சகத்து ஃபைலில் பாமினி மட்டும் இருக்காது. தலைப்புக்கு அலங்கார எழுத்து வேறு இருக்கும். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழல்கிறது என்றால், அதன் ஃபொண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகவே கொப்பி எடுங்கள்.

எப்போதும் பிரதியைத்தான் திறக்க வேண்டும். ஒரிஜினல் ஃபைல் ஷெயார்ட் ஃபோல்டருக்கே வரக்கூடாது.

அச்சுக்கு அனுப்ப, பிரின்டர் போல நடித்து பிடிஎஃப் செய்து தரும் பிடிஎஃப் கிரியேட்டரின் பழைய 1.7 வரிசையை விண்டோஸ் 11இல் இறக்கி, ஷெயார்ட் ஃபோல்டர் வழியாக எக்ஸ்பியில் போடுங்கள். கூடவே ஒரு டூல்பாரைத் தலையில் கட்டப் பார்க்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பின்பு பேஜ்மேக்கரின் டொக்யுமென்ட் செட்டப்பில் 'கம்போஸ் டு பிரின்டர்' என்ற இடத்தில் பிடிஎஃப் கிரியேட்டரைத் தேர்ந்தெடுங்கள். இதை மாற்றும்போது வரிகள் சற்று நகரக்கூடும். உபயகாரர் பட்டியல் குடிவாரியாக (தாய்வழிக் குலம் குலமாக) போகும், அதில் ஒரு பெயர் கீழ்வரிக்கு இறங்கினால் அடுத்த குடியில் சேர்ந்துவிடும். பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியானதும் விர்ச்சுவல்பொக்ஸில் ஒரு ஸ்னப்ஷொட் (போலிக் கணினியின் அப்போதைய நிலையின் சேமிப்பு) எடுங்கள். ஆக்டிவேஷனுக்கு (கீயை மைக்ரோசொஃப்ட்டிடம் உறுதிப்படுத்துவதற்கு) எக்ஸ்பி தருவது 30 நாள் கெடு. ஆகவே பழைய ஃபைல்களைப் பிடிஎஃப் ஆக்கும் வேலையை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள்.

பின்சேர்க்கை 1: ஃபைல் ஷெயார்ட் ஃபோல்டரில் இருக்கிறது, பேஜ்மேக்கர் திறக்கவில்லை என்று கல்முனையிலிருந்து ஒருவர் எழுதினார். ஃபைலின் பெயர் தமிழில் இருந்திருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. ஃபைலுக்கும் அது இருக்கும் ஃபோல்டருக்கும் ஆங்கிலப் பெயர் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: கெஸ்ட் அடிஷன்ஸ் போடும்வரை, எக்ஸ்பிக்குள் மாட்டிய மவுஸை வலப்பக்க கன்ட்ரோல் கீதான் விடுவிக்கும். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் அந்த இடத்தில் கோபைலட் கீ இருக்கிறது. விர்ச்சுவல்பொக்ஸ் ப்ரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதிக்குப் போய் ஹோஸ்ட் கீயை வேறொன்றாக மாற்றலாம்.

பின்சேர்க்கை 3: ஜன்னலின் கீழே பச்சை ஆமை தெரிந்து எல்லாம் மெதுவாக ஓடுகிறதா? விண்டோஸ் 11இன் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற வசதி ஒன்று ப்ரொசெஸரின் விர்ச்சுவலைசேஷனை முதலில் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அது பாதுகாப்புக்கானது, நோட்டீஸ் வேலைக்கு ஆமை வேகமே போதும், நான் அணைக்கச் சொல்லமாட்டேன். எம்1, எம்2 மக்புக் வைத்திருப்பவர்களுக்கு விர்ச்சுவல்பொக்ஸ் வழி சரிவராது, யூடிஎம் பாருங்கள். அதில் எமியுலேட் என்பதைத் தேர்ந்தால் எக்ஸ்பி ஓடும்.