டெண்டர் கைவிட்டுப் போச்சுன்னா மேன்முறையீடு எழுதுறது எப்படி

ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் சீ7, சீ8, சீ9 கிரேட்ல சீடா (கட்டட வேலை கொன்ட்ரெக்டர்மார பதியுற அரச அதிகாரசபை) பதிவ எடுத்துக்கிட்டு தோட்டத்துப் பாதைக்கு கொங்கிரீட் போடுறது, மண் சரியாம சுவர் கட்டுறது, ஸ்கூல் டொய்லட் கட்டுறதுன்னு வேலை செய்யுற நம்ம சின்ன கொன்ட்ரெக்டர்மாருக்குத்தான் இத எழுதுறேன். 2018ல பிரதேச சபைச் சட்டத்த திருத்துன பிறகு சபைக் காசு தோட்டத்துக்குள்ள வர வழி பொறந்திச்சு, நம்மாளுங்களும் துணிஞ்சு டெண்டர் போடுறாங்க, ஆனா அது வேற ஆளுக்குப் போயிட்டா "எல்லாம் மேல பேசி முடிச்சிட்டாங்க"ன்னு விட்டுர்றாங்க, இல்லாட்டி யாராவது அரசியல்வாதி வீட்டு வாசல்ல போய் நிக்கிறாங்க. ரெண்டும் வேணாம். எழுத்துல காரணம் கேக்க, மேன்முறையீடு பண்ண வழி இருக்கு.

மொதல் விஷயம் நாள் கணக்கு. நம்ம ஊர்ல பாதிப் பேரு தோக்குறது இதுலதான். "ஒரு வாரம் இருக்கு, ரெண்டு வாரம் இருக்கு"ன்னு பழைய ஆளுங்க சொல்றத நம்பாதீங்க, அரச டெண்டர் எப்படி நடக்கணும்னு சொல்ற 2006 வழிகாட்டல் போய் 2025 ஜனவரி 1ல இருந்து புதுப் பெறுகை வழிகாட்டல் நடைமுறையில இருக்கு, அதனால உங்களுக்கு வந்த கடிதத்துலயும் டெண்டர் டொக்யுமெண்ட்ல விலைமனுதாரருக்கான அறிவுறுத்தல் பகுதியிலயும் எத்தனை நாள், யாருக்கு எழுதணும்னு என்ன போட்டிருக்கோ அதத்தான் புடிக்கணும். கடிதம் வந்த கவர தூக்கிப் போடாதீங்க, போஸ்ட் ஒபிஸ் சீல் இருக்குற அந்தக் கவர்தான் உங்களுக்கு எப்ப கிடைச்சதுன்றதுக்கு அத்தாட்சி. அதோட டெண்டருக்கு லயத்து அட்ரஸ குடுக்கவே குடுக்காதீங்க. நம்ம லயங்களுக்கு தனி விலாசம் இல்ல, கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குப் போய் அங்க மேசையில நாலு நாள் கெடந்து யாராவது மேல ஏறி வரும்போது கொண்டு வந்து குடுக்குறதுக்குள்ள நாள் முடிஞ்சிரும், எனக்கே ஒரு தடவை அப்படித்தான் போச்சு. டவுன்ல தெரிஞ்ச கடை விலாசம் ஒன்னும் ஈமெயில் ஒன்னும் குடுங்க.

ரெண்டாவது, கோபத்துல பேனாவ எடுக்குறதுக்கு முன்னாடி உங்க விலைமனுக் கொப்பிய எடுத்து வச்சு ஒவ்வொரு பக்கமா பாருங்க. சில வருஷத்துக்கு முன்ன ஒரு சுவர் வேலைக்கு டெண்டர் திறக்குறப்போ எங்க விலைதான் ஆகக் குறைவுன்னு வாசிச்சாங்க, வேலை ரெண்டாவது ஆளுக்குப் போச்சு, நான் தூக்கமில்லாம மூனு பக்கத்துக்கு முறைப்பாடு எழுதிட்டேன். அனுப்புறதுக்கு முந்தின ராத்திரி என் சம்சாரம் கல்குலேட்டர வச்சுக்கிட்டு பீஓகியூவ, அதாவது வேலை அளவும் ரேட்டும் போட்ட பட்டியல, ஒரு வரி விடாம பாத்தா. கல்லுக்கட்டு 38 கியூப் மீட்டர், ரேட் 14,500, மொத்தம் 551,000 வரணும், நான் எழுதியிருந்தது 55,100. ஒரு சைபர் காணோம். அலகு விலைக்கும் மொத்தத்துக்கும் இடிச்சா அலகு விலையத்தான் எடுப்பாங்க, அப்போ எங்க விலை 495,900 ரூபா கூடுது, நாங்க மொத ஆளே இல்ல. விலைமனுக்கள மதிப்பிடுற கமிட்டி செஞ்சது சரி. இதே தவறு ரேட் பக்கம் இருந்து, தசமப் புள்ளி இடம் மாறுனது வெளிப்படையா தெரிஞ்சா மட்டும் மொத்தத்த வச்சு ரேட்ட திருத்துவாங்க. எழுத்துல ஒன்னும் இலக்கத்துல ஒன்னும் இருந்தா எழுத்து நிக்கும். இன்னொன்னு, குறைஞ்ச விலைன்றதுனால மட்டும் வேலை வராது, நிபந்தனைகளுக்கு ஒத்துப்போற விலைமனுக்கள மதிப்பிட்டு அதுல குறைஞ்சதத்தான் எடுக்குறாங்க, அதனால "நாங்கதான் குறைவு"ன்ற ஒரே வரியில முறைப்பாடு எழுதுனா அது எடுபடாது.

உங்க பக்கம் சுத்தம்னு தெரிஞ்சிட்டா உங்கள ஏன் தள்ளுனாங்கன்னு எழுத்துல கேளுங்க. கவுண்டர்ல போய் "மிஸ், ஏன் எங்களுக்குக் கிடைக்கல"ன்னு கேட்டா "அது கமிட்டி முடிவு தம்பி"ன்னுதான் வரும், அவங்க மேல குறை இல்ல, வாயால சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இல்ல. தமிழ்லயே எழுதுங்க. அரச ஒபிஸோட தமிழ்ல எழுதிப் பேசவும் பதில் வாங்கவும் அரசியலமைப்பு 22ஆம் உறுப்புரை இடம் குடுக்குது, கூட ஒரு சிங்கள மொழிபெயர்ப்ப வச்சா வேலை வேகமா நடக்கும், அது உங்க வசதி.

இப்ப ஒரு நல்ல முறைப்பாடு எப்படி இருக்கும்னு என் மச்சான் கதையில சொல்றேன். அவரு போட்டது 46 லட்சம் ரூபா வேலை, பீசீஏ 3 சான்றிதழ் இல்லன்னு தள்ளிட்டாங்க. அந்தப் பதிவு 1987ஆம் ஆண்டு 3ஆம் இலக்க பொது ஒப்பந்தச் சட்டத்துல வர்றது, 50 லட்சத்துக்கு மேல போற டெண்டருக்குத்தான் கட்டாயம், டொக்யுமெண்ட்லயும் அப்படியேதான் இருந்திச்சு. மச்சான் எழுதுனது அரைப் பக்கம், டெண்டர் இலக்கம், திறந்த தேதி, அவங்க கடிதத்துல சொன்ன காரணம், டொக்யுமெண்ட்ல அந்த வாசகம், தன் விலை, கடைசியா "திரும்ப மதிப்பிட்டு பதில் தாங்க"ன்ற கோரிக்கை, அவ்வளவுதான். யாரையும் திருடன்னு சொல்லல. திரும்ப எடுத்துப் பாத்தாங்க, வேலையும் கிடைச்சிச்சு. லஞ்சம்னு உங்ககிட்ட உண்மையாவே ஆதாரம் இருந்தா அது வேற பாதை, 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குக் கீழ இலஞ்ச ஆணைக்குழுவுக்குப் போகணும், மேன்முறையீட்டோட அத கலக்காதீங்க, கலந்தா ரெண்டும் கெட்டுரும்.

கடிதத்த ரெஜிஸ்டர் போஸ்ட்ல போட்டு ரிசீட்ட வைங்க, நாள் கிட்ட வந்துட்டா நேர்ல கொண்டு போய் உங்க கொப்பியில தேதியோட சீல் அடிச்சு வாங்குங்க.

சில முறைப்பாடு டெண்டர் மூடுறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது, இத நம்ம பக்கம் அனேகமா யாரும் செய்யுறதே இல்ல. ஒரு பம்ப்புக்கோ பெயிண்டுக்கோ ஒரே பிராண்ட் பேர போட்டு "அல்லது சமமானது"ன்ற வார்த்தைய விட்டிருந்தா, சின்ன வேலைக்கு கோடிக்கணக்குல வருமானம் கேட்டிருந்தா, அது ஒரு ஆளுக்காகத் தைச்ச சட்டை மாதிரி தெரிஞ்சா, விளக்கம் கேக்குற கடைசித் தேதிக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க. விலைய போட்டுத் தோத்த பிறகு நிபந்தனை சரியில்லன்னு சொன்னா "அப்போ ஏன் போட்டீங்க"ன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் இல்ல. டெண்டர் திறக்குற நேரத்துக்கும் கட்டாயம் போங்க, மழையோ மூடுபனியோ மொத பஸ்ஸ புடிச்சுப் போங்க. வாசிக்கிற ஒவ்வொரு பேரு, விலை, விலையில குறைக்கிற கழிவு, பிட் பாண்ட் (விலைமனுவோட வைக்கிற உத்தரவாதம்) இருக்கா இல்லயான்னு ஒரு கொப்பியில எழுதுங்க. நேரம் கடந்து வந்தத திறந்தாங்களா, திறக்கும்போது வாசிக்காத கழிவுக் கடிதம் பிறகு கணக்குல வந்திச்சான்னு கேக்குறதுக்கு அந்தக் கொப்பி ஒன்னுதான் உங்க கையில இருக்கும்.

பதிலே வரலன்னா 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் சட்டத்துல அந்த ஒபிஸ்ல இருக்குற தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் குடுங்க. குடுக்குறதா இல்லயான்னு 14 வேலை நாளுக்குள்ள அவர் முடிவு சொல்லணும், மறுத்தா குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அதுக்கு மேல தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள. ஆனா இது மெதுவான வழி, மதிப்பீட்டு அறிக்கை கையில வரட்டும்னு காத்திருந்து மேன்முறையீட்டு நாளை விட்டுறாதீங்க, ரெண்டையும் ஒரே நாள்ல போடுங்க. அந்த நேரத்துல விலைமனு செல்லுபடிக் காலத்த நீடிக்கச் சொல்லிக் கடிதம் வந்தா சம்மதம் எழுதுங்க, பிட் பாண்டயும் பேங்க்ல நீட்டுங்க. மறுத்தா பாண்ட் காசு போகாதுதான், ஆனா உங்க விலைமனு செத்துரும், செத்த விலைமனுவுக்கு யாரும் வேலை தர முடியாது.

இதுக்கு மேலயும் போகணும்னா மேன்முறையீட்டு நீதிமன்றத்துல அரசியலமைப்பு 140ஆம் உறுப்புரையில ரிட் மனு (அரச ஒபிஸ் எடுத்த முடிவ ரத்து பண்ணச் சொல்லிக் கேக்குறது), இல்லன்னா சமத்துவ உரிமை மீறல்னு 126ல உயர் நீதிமன்றம். 126க்கு ஒரு மாசம்தான் தவணை. அந்த மாசத்துக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்குற காலம் கணக்குல சேராது, விசாரணை நடக்குதுன்னு காட்ட பேப்பர் வேணும், கண்டியிலயும் பதுளையிலயும் அவங்க பிராந்திய ஒபிஸ் இருக்கு. 20 லட்சம், 30 லட்சம் வேலைக்கு கொழும்புல லோயர் புடிச்சு கேஸ் போடுறது கட்டுப்படியாகாது, நான் யாருக்கும் அத சொல்ல மாட்டேன். பெரிய வேலைன்னா முடிவுக் கடிதம் வந்த வாரத்துலயே லோயர பாருங்க, போகும்போது அந்த சீல் போட்ட கவரும் டெண்டர் திறந்தப்போ எழுதுன கொப்பியும் கையோட இருக்கட்டும்.