செதிற்பூச்சிகளின் நிறமூர்த்தங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் செவ்வரத்தை வேலிகளிலும் பப்பாசித் தோட்டங்களிலும் செதிற்பூச்சி வகையான மாவுப்பூச்சிக்குக் குறைவில்லை என்பதால், இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுக்கும் மாணவர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். வழுக்கியில் சாயத்தை அதிகமாக விடுவது போன்ற பிழைகள் தாமாகவே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரும்பொட்டைக் கண்டதும் பெண் என்று எழுதுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். முளையத்தை நசுக்கிச் சாயமிட்டுப் பார்த்தால், சில முளையங்களின் கருக்களில் இறுகிய பொட்டொன்று அடர்நிறத்தில் தெரியும். உயர்தர வகுப்பில் மனிதப் பெண்ணின் கலத்திலுள்ள பார் உடலை, அதாவது இறுகிச் செயலற்ற எக்ஸ் நிறமூர்த்தத்தை, படித்தவர்கள் உடனே "பெண்" என்று குறித்துவிடுகின்றனர். எலுமிச்சை மாவுப்பூச்சியில் எக்ஸ், வை நிறமூர்த்தங்களே இல்லை, இருபாலுக்கும் பத்துத்தான். ஆண் முளையத்தில், முதற் பிளவுகள் சில முடிந்தபின், தந்தைவழித் தொகுதியாக வந்த ஐந்தும் ஒன்றாய் இறுகிப் பெரும்பாலும் செயலற்றுப் போகின்றன. ஆகவே பொட்டு உள்ளதே ஆண்.

மாணவி ஒருவரின் பால்விகிதப் பட்டியல் முழுவதும் இவ்வாறு தலைகீழாக அமைந்திருந்தது. மேற்பார்வையாளரும் அதில் கையொப்பமிட்டிருந்தார். நிரல்களை இடம்மாற்றினால் போதும் என்று அம்மாணவி எண்ணினார். ஆனால் பொட்டில்லாதவை எல்லாம் பெண்ணல்ல: இறுகல் தொடங்காத இளம் ஆண் முளையங்களும் அவற்றுள் கலந்திருக்கும். வளர்ந்த ஆணின் குடல் போன்ற சில இழையங்களில் அந்தத் தொகுதி மீண்டும் தளர்ந்துவிடுவதால், அங்கேயும் பொட்டைத் தேடிப் பயனில்லை. முளையத்தின் வயதைக் குறிக்காத வழுக்கிகள் அனைத்தையும் அவர் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எண்ண வேண்டியதாயிற்று.

ஆணை ஒருமடியம் என்று முடிவுகட்டுதல்

ஒருமடியம் என்றால் ஒரே நிறமூர்த்தத் தொகுதி மட்டும் உள்ளது. ஆனால் மாவுப்பூச்சியின் ஆண் கருக்கட்டிய முட்டையிலிருந்து வந்தது. தந்தையின் தொகுதி அதன் உடலில் இருக்கிறது, ஆனால் விந்தின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. ஆய்வாளர்களான பிரவுனும் நெல்சன்-றீசும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கதிர்வீச்சுக்கு உட்பட்ட தந்தையரின் மகள்கள் மடிந்தபோதும் மகன்கள் பிழைத்தமை, அத்தொகுதி மகன்களில் செயலற்றிருப்பதைக் காட்டியது.

உண்மையான ஒருமடிய ஆணைக் காண விரும்புவோர் இசீரியா என்னும் வேறொரு செதிற்பூச்சியை நாட வேண்டும். அங்கே கருக்கட்டாத முட்டையிலிருந்து இரண்டே நிறமூர்த்தங்களுடன் ஆண் பிறக்கிறது. அதுவும் வெண்பஞ்சு போர்த்தே இருக்கும் என்பதால், வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் ஒரே குப்பியில் இடுவோரை நான் ஆய்வுகூடத்துக்குள் விடுவதில்லை.

மையப்பாத்தைத் தேடுதல்

மையப்பாத்து என்பது கலப்பிரிவில் நிறமூர்த்தத்தை இழுக்கும் கதிர்நார்கள் வழக்கமாகப் பற்றும் ஒற்றை இடம். இங்கே அதைத் தேட வேண்டாம். கதிர்நார்கள் நிறமூர்த்தத்தின் நீளம் முழுவதும் பற்றுகின்றன.

ஒடுக்கற்பிரிவைப் பாடநூல் ஒழுங்கில் வாசித்தல்

ஒடுக்கற்பிரிவு என்பது விந்தும் முட்டையும் உருவாகும் கலப்பிரிவு. இங்கே அதன் வரிசை மாறுகிறது: முதற்பிரிவில் அரைநிறவுருக்கள் (ஒரு நிறமூர்த்தத்தின் இரு பிரதிகள்) பிரிகின்றன, தாய், தந்தைத் தொகுதிகள் இரண்டாம் பிரிவிலேயே விலகுகின்றன. ஆணில் அவ்வாறு உருவாகும் நான்கு கருக்களில் இறுகிய இரண்டும் சிதைந்துபோக, தாய்வழிக் கருக்கள் இரண்டுமே விந்தாகின்றன. சிதையும் அந்த இரண்டையும் "சாயமிடலில் ஏற்பட்ட பழுது" என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது.