தட்டச்சுப் பழக்கத்தில் அடித்த தமிழ்க் கோப்பைச் சரிசெய்வது எப்படி?

தட்டச்சுப் பொறி முறையில் பழகியவர்கள் கணினியில் அடித்துத் தரும் கோப்பு திரையில் ஏறக்குறையச் சரியாகவே தெரியும். ஆனால் ‘தேர்தல்’ என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த பொறியின் வழிவந்தவை சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்க வேண்டியிருந்ததால், ஓர் உருவமே பல வேலைகளைச் செய்தது: துணைக்காலின் மேல் புள்ளி விழுந்தால் ‘ர்’ ஆயிற்று, கொம்பும் ‘ள’வும் சேர்ந்து ஔகாரக் குறியாயின. தாளுக்கு அது போதும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் ஒருங்குறியிலோ (யூனிகோடு) துணைக்காலும் ‘ர’வும் வெவ்வேறு குறியெண்கள்.

கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் மாற்றுங்கள். துணைக்காலை அடுத்து இக்குறிகள் வருவதற்குத் தமிழில் இடமே இல்லையாதலால், அனைத்தையும் ஒரே முறையில் மாற்றலாம்.

அடுத்தது பலரும் தவறவிடுவது. முன்னெழுத்தில் கொம்பு இருந்தால், பின்வரும் கால் அதனோடு ஒட்டிக்கொள்ளும். ‘தேர்தல்’ ‘தோ்தல்’ என்றும், ‘பெரிய’ ‘பொிய’ என்றும், ‘புதுச்சேரி’ ‘புதுச்சோி’ என்றும் ஆகிவிடும். ஆகவே ‘ோ்’ என்பதை ‘ேர்’ என்றும், ‘ொ்’ என்பதை ‘ெர்’ என்றும், ‘ோி’ என்பதை ‘ேரி’ என்றும், ‘ொி’ என்பதை ‘ெரி’ என்றும் மாற்றுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் ஒட்டுமொத்த மாற்றம் கூடவே கூடாது. ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘ஒளவை’ ஆகியவற்றை முறையே ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘ஔவை’ என முழுச் சொல்லாகத் தேடித் திருத்துங்கள். கொம்பையும் ‘ள’வையும் மட்டும் தேடி மாற்றினால் வெள்ளமும் தெளிவும் சிதையும், ‘ஒள’வை மாற்றினால் ஒளியும் சிதையும்.

வரிக்கு வரி எண்டர் தட்டியிருந்தால், அது பொறியின் உருளையைத் திருப்பிய பழக்கம். பத்தி முடிவுகளில் அடையாளம் ஒன்றை இட்டுவிட்டு, எஞ்சிய வரிமுறிவுகளை இடைவெளியாக மாற்றி, பின்னர் அடையாளத்தைப் பத்தி முறிவாக்குங்கள்.

இனி அடிப்பதற்கு, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையையே பரிந்துரைப்பேன்; அதில் ஔகாரத்துக்குத் தனி விசை இருக்கிறது. பழைய விசைப்பலகையை விட மனமில்லாதவர்கள் ‘ர்’ வருமிடத்தில் துணைக்காலைத் தொடாமல் ‘ர’ விசையை அழுத்தினாலே பெரும்பகுதிப் பிழை நின்றுவிடும்.