பழைய பள்ளிப் பேருந்தா? பெயின்டுக்கு முன் தண்ணீர்

பழைய பள்ளிப் பேருந்தை வாங்கிச் சீர்செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் மஞ்சள் பெயின்டைத்தான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான். திருமங்கலம் அருகே தென்னந்தோப்பில் நிற்கும் என் வண்டிக்குப் பெயின்ட் அடித்த அதே ஐப்பசியில், மூன்றாவது இருக்கைக்கு மேல் சொட்டத் தொடங்கியது.

ஆகவே, தூரிகையைத் தொடுமுன் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஜன்னல் ரப்பரில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும்; எடுத்தவுடன் கூரையில் அடித்தால் எல்லா இடமும் நனைந்து, ஓட்டை எங்கே என்று தெரியாது. உள்ளே ஒருவர் சாக்பீஸுடன் உட்கார்ந்து, கசியும் ரிவெட்டை (தகடுகளை இணைக்கும் ஆணி) சுற்றி வட்டம் போடட்டும். என் மகனுக்கு இது ஒரு மணி நேர விளையாட்டு.

பிறகு தரை. ரப்பர் விரிப்பையும் பிளைவுட்டையும் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் நல்லது. ‘பொத்’ என்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பட்டி பூசி மறைப்பது வீண். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவைக் கூடுதலாகத் தட்டுங்கள். அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடத்தில் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள். இல்லையென்றால் ஈரம் பட்டு அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிபடும். பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.