கால் நிணநீர் வீக்கம்: சிகிச்சையில் தோல் இளகுவதைக் கண்காணிப்பது எப்படி

நிணநீர் சரியாக வடியாமல் தேங்கிக் கால் வீங்குவதுதான் நிணநீர் வீக்கம். அதைக் குறைக்கக் காலைச் சுற்றி அமுக்கக் கட்டுப் போடத் தொடங்கியதும் எல்லோர் கண்ணும் சுற்றளவு எடுக்கும் டேப்பின் மேல்தான் இருக்கும். சுற்றளவு குறைவது முக்கியம்தான், ஆனால் டேப் பாதியைத்தான் சொல்லும். மீதி தோலுக்கு அடியில் நடக்கிறது, அதை விரலால் தொட்டுத்தான் அறிய முடியும். டேப் அசையாமல் நிற்கிற வாரத்தில்கூட விரலுக்கு மாற்றம் தெரிவதுண்டு.

காலில் தேங்குவது வெறும் தண்ணீர் அல்ல, புரதம் மிகுந்த நீர். அது நாள்பட நின்றால் அழற்சி மூளும், கொலாஜன் நார்கள் அடர்ந்து படியும், கொழுப்பும் சேரும். ஆக, பழைய வீக்கத்துக்குள் நீர், நார், கொழுப்பு என்று மூன்று சரக்கு இருக்கும். நீர் சில நாட்களிலேயே வடியத் தொடங்கும். நார் இளக வாரங்களாகும், பல மாதங்களும் ஆகலாம். கொழுப்பு கட்டுக்கு மசியவே மசியாது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை நிணநீர் வீக்கத்துக்கு நீண்ட நாள் பலன் தராததற்கும் இதுதான் காரணம்: தண்ணீர் வெளியேறும், புரதம் அங்கேயே தங்கும்.

சிகிச்சைக்கு முதல் நாளே காலைப் பதிவு செய்து வையுங்கள். காலையில் எழுந்தவுடன், தினமும் ஒரே நேரத்தில் செய்வது நல்லது. குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து ஒவ்வொன்றிலும் சுற்றளவு எடுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. மற்றக் காலையும் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

கொள்ளளவு வேண்டுமென்றால் கணக்கு எளிது. அடுத்தடுத்த இரண்டு சுற்றளவுகளின் வர்க்கங்களையும், அவ்விரண்டின் பெருக்கலையும் கூட்டி, 4ஆல் பெருக்கி, 37.7ஆல் வகுக்கவும். 24, 28 செ.மீ. என்றால் ஏறத்தாழ 216 மி.லி. அதே துண்டு 23, 26 செ.மீ. ஆனால் 191 மி.லி. பார்வைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், நீரோ 4 செ.மீ. நீளத்திலேயே சுமார் 25 மி.லி. குறைந்திருக்கிறது.

அடுத்தது விரல் சோதனை. முன்கால் எலும்பின் மேல், கணுக்காலின் இருபக்கம், கெண்டைக்கால், தொடை, பாத மேற்புறம் ஆகிய இடங்களைத் தனித்தனியே பாருங்கள். கட்டைவிரலால் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நொடியில் கையை எடுத்துவிட்டு ‘குழி விழவில்லை’ என்று எழுதுவது பரவலான தவறு. தடித்த தோலில் நீர் நகர நேரம் பிடிக்கும். குழி விழுந்ததா, எவ்வளவு ஆழம், மேடாக எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாகத் தூக்க முடியாவிட்டால் அது நிணநீர் வீக்கத்தின் அடையாளம். தூக்க முடிந்தால் வீக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கெட்டித்தன்மையைக் குறிக்க நம் முகமே போதும்: உதடு போல் மெத்தென்று, மூக்கு நுனி போல், நெற்றி போல் கெட்டியாக. ஒரே ஆள் சோதித்தால் இந்த மூன்று படி நன்றாகவே உதவும்.

பலரைக் குழப்பும் மாற்றம் ஒன்று உண்டு. முன்பு மரக்கட்டைபோல் இருந்து குழியே விழாத இடத்தில், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் குழி விழ ஆரம்பிக்கும். வீக்கம் கூடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சுற்றளவு கூடாமல் குழி மட்டும் விழுந்தால், நார் இளகி, உள்ளே சிறைப்பட்ட நீர் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் அமுக்கத்தைத் தளர்த்தாமல் தொடர வேண்டும். அதன் பிறகுதான் குழி ஆழம் குறைந்து, தோல் தளர்ந்து, சுருக்கம் விழும். சுருக்கம் அழகாக இருக்காது, ஆனால் நல்ல செய்தி. எல்லா இடமும் ஒன்றாக இளகாது. கணுக்கால் முட்டிக்குப் பின்னாலுள்ள பள்ளமும் பாத மேற்புறமும் பெரும்பாலும் கடைசியில்தான் வழிக்கு வரும்.

அதற்குக் காரணம் கட்டின் இயல்பு. ஒரே இழுப்பில் சுற்றினால், வளைவு கூர்மையான இடத்தில் அழுத்தம் அதிகம், தட்டையான இடத்தில் குறைவு, பள்ளத்தில் அனேகமாக ஒன்றுமே இல்லை. அதனால் முன்கால் எலும்பு விளிம்பில் தோல் புண்ணாகும், கணுக்கால் பள்ளத்தில் வீக்கம் அப்படியே நிற்கும். எலும்பு விளிம்பின் இருபுறமும் பஞ்சு வைத்துக் காலை உருளை வடிவாக்குங்கள். பள்ளத்தில் அதன் அளவுக்கு வெட்டிய ஃபோம் துண்டை, ஓரங்களைச் சரிவாகச் சீவி வையுங்கள். கெட்டிப்பட்ட இடத்தில், சிறு ஃபோம் துண்டுகளைத் துணிப்பையில் தைத்து கட்டுக்குள் வைத்தால், நடக்கும்போது அது தோலைப் பிசைந்துகொண்டே இருக்கும். எடுத்தபின் தோலில் மேடுபள்ளமாகத் தடம் தெரியும். தடம் சிவந்து, எரிச்சலோடு மறையாமல் நின்றால் மட்டும் துண்டை மாற்றுங்கள்.

கட்டுத்துணி குறைவாக நீளும் வகையாக இருக்க வேண்டும். அது ஓய்வில் லேசாகவும், தசை இயங்கும்போது பலமாகவும் அழுத்தும். நன்றாக நீளும் எலாஸ்டிக் துணி இதற்கு நேர்மாறு, இரவில் வலிக்கும். கட்டியபின் நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் பலன் பாதிதான். முதல் வாரத்தில் கால் வேகமாக மெலிவதால் கட்டு தளர்ந்து வழுக்கும். சரிந்த கட்டு கணுக்காலில் சுருண்டு கயிறுபோல் இறுக்கும், ஆகையால் ஆரம்பத்தில் தினமும் அவிழ்த்துக் கட்டுவதே முறை. விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, நடந்தும் வலி தீராவிட்டாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

தோலின் மேற்பரப்புக்கும் தனிக் கவனிப்பு வேண்டும். தினமும் மென்மையான சோப்பில் கழுவி, விரலிடுக்குகளையும் மடிப்புகளையும் ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். சேற்றுப்புண் இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும், கிருமி நுழைவதே பெரும்பாலும் அந்த வெடிப்பு வழியாகத்தான். யானைக்கால் நோயால் வந்த வீக்கத்தில் இந்தச் சுத்தம் ஒன்றே காய்ச்சலோடு வரும் அழற்சியைக் கணிசமாகக் குறைக்கும். பட்டை பட்டையாகத் தடித்த தோலுக்கு யூரியா கலந்த கிரீம் தடவி, ஊறியபின் தானாக வருவதை மட்டும் எடுங்கள். பிய்த்தால் புண்ணாகும். கிரீமை முடி சாயும் திசையில் தடவினால் வேர்க்கால் கட்டிகள் தவிர்க்கலாம். அமுக்கக் காலுறை போடுபவர்கள் இரவில் தடவுவது நல்லது, கிரீம் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். நீர் கசியும் இடத்தில் உறிஞ்சும் பஞ்சு வைத்து அதன் மேல் கட்டுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் கசிவு பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும்.

சில நிலைகளில் கட்டுப் போடுவது ஆபத்து. காலில் தமனி அடைப்பு அதிகமாக இருப்பவர்கள், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், புதிதாக ரத்தக்கட்டி உண்டானவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பாதத்துக்கு ரத்தம் போதிய அளவு போகிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். இடையில் கால் திடீரெனச் சிவந்து, சூடாகி, குளிரும் காய்ச்சலும் வந்தால் கட்டையும் நிணநீர் வடிப்பு மசாஜையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிபடாமலே கன்றிப்போனதுபோல் ஊதா நிறத் திட்டு தோன்றினால் அதையும் காட்ட வேண்டும். பல வருட வீக்கத்தில் அரிதாகப் புற்றுநோய் அப்படித் தலைகாட்டும்.

காலுறைக்கு எப்போது மாறுவது? சுற்றளவு ஒரு வாரம் போல அசையாமல் நின்று, குழியும் அனேகமாக விழாமல் போனபின். குழி விழும் காலுக்கு அளவெடுத்தால் காலுறை சில நாட்களிலேயே தொளதொளவென்று ஆகி, நீர் மறுபடி இறங்கும். காலுறையின் பிடிப்பு ஏறத்தாழ 6 மாதத்தில் தளரும், அதோடு மாற்றிவிடுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும், குழியே விழாமல், மெத்தென்று, பருமன் மட்டும் மிஞ்சினால் அது கொழுப்பு. இன்னும் இறுக்கிக் கட்டினால் தோல்தான் கெடும். அதை லைப்போசக்ஷன் மூலம் எடுக்க முடியும், ஆனால் அதன் பிறகும் அமுக்கக் காலுறையை இரவும் பகலும் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கும்.